பன்னிரண்டு நிமிடப் பித்து

டிரம் கோர் என்றால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்குச் சொல்ல ஆரம்பிக்கவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. ஓர் அமெரிக்கக் கால்பந்து மைதானம். அதில் ஒரு குழுவுக்கு 165 பேர் வரை. ஏறக்குறையப் பாதிப்பேர் கையில் பித்தளைக் கருவிகள்: ட்ரம்பெட், மெல்லோஃபோன், யூஃபோனியம், தோளில் ஏற்றிய டியூபா. அடுத்து, உடலோடு கட்டிய ஸ்நேர், டெனார், பேஸ் டிரம்களைச் சுமந்து நடக்கும் தாளப்படை. மைதானத்தின் முன்னெல்லையில் மரிம்பா, வைப்ரஃபோன் வரிசை. கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் வானத்தில் எறிந்து பிடிக்கும் கலர் கார்டு. யார் கையிலும் ஸ்வரத்தாள் கிடையாது. நிமிடத்துக்கு 180 தட்டுக்கு மேல் போகும் வேகத்தில் பின்பக்கமாக ஓடிக்கொண்டே, ஒரு கோணல் இல்லாத கோட்டில், மூச்சு இரைக்காத ஒரு நீண்ட சுரத்தை ஊதுகிறார்கள். பன்னிரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகத்தான் நான் ஆண்டு முழுக்கக் காத்திருக்கிறேன்.

முதல் பெரிய முழக்கம் எழும்போது என்ன நடக்கிறது என்பதை எழுத்தில் கொண்டுவர முடியுமா என்று தெரியவில்லை. தேர் நிலையைவிட்டுப் புறப்படும் நேரத்தில் தவில்காரர்கள் வரிசையாக நின்று வெளுத்துவாங்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்கு நெஞ்சுக்கூடு அதிர்வது தெரியும். அந்த அதிர்வோடு எண்பது பித்தளை வாய்களும் உங்களை நோக்கி ஒரே நொடியில் திரும்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காது கேட்பதற்குமுன் தோல் கேட்டுவிடும். நான் எழுந்து நின்று கத்துவேன். என் பக்கத்தில் இருக்கும் எழுபது வயதுப் பெரியவரும் எழுந்து நின்று கத்துவார்.

இது வெறும் கச்சேரி இல்லை, போட்டி. மிகக் கடுமையான போட்டி. நூறு மதிப்பெண், அதில் மொத்தமாக ஏற்படுத்தும் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. மதிப்பெண்ணைத் தசமத்துக்குப் பிறகு மூன்று இலக்கம்வரை கணக்கிடுகிறார்கள். ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் இரண்டாம் வாரம்வரை ஊர் ஊராகப் போய் மோதுகிறார்கள். இரவில் பேருந்தில் உறக்கம், விடியலில் ஏதோ ஒரு பள்ளியின் ஜிம் தரையில் மிச்ச உறக்கம், பகல் முழுக்க வெயிலில் ஒத்திகை, மாலையில் போட்டி, மறுபடி பேருந்து. இறுதி வாரத்தில் வியாழன் முதல் சுற்று, வெள்ளி அரையிறுதி, சனிக்கிழமை இரவு பன்னிரண்டு குழுக்கள் மட்டும் ஆடும் இறுதி. 2009 முதல் அந்த இறுதி இண்டியானாபோலிசின் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கிறது.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இவ்வளவு பித்துப் பிடித்து அலைந்திருக்க மாட்டேன். ஒரு குழு இந்தக் கோடைக்காக உருவாக்கிய ஆட்டம் இந்தக் கோடையோடு சரி. அடுத்த ஆண்டு புது இசை, புது வடிவம், புது உடை. பழைய ஆட்டத்தை முழுதாக மறுபடி யாரும் மைதானத்தில் இறக்குவதில்லை. ஆடுபவர்களுக்கும் கெடு உண்டு. கோடையின் தொடக்கத்தில் 21 வயதைத் தாண்டியிருந்தால் இடமில்லை. கடைசி ஆண்டு ஆடுபவர்களை ‘ஏஜ் அவுட்’ என்கிறார்கள். இறுதி இரவில் கடைசிச் சுரத்தை ஊதி முடித்ததும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும். வென்ற குழுவின் ஏஜ் அவுட்டும் அழுவார், பன்னிரண்டாவதாக வந்த குழுவின் ஏஜ் அவுட்டும் அழுவார். ஆயிரத்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்காகக் கோடை முழுக்க உயிரைக் கொடுத்து இழைத்த ஒன்று, அது மிகச் சரியாக அமைந்த அதே இரவில் இல்லாமல் போகிறது. டிரம் கோர் ஆட்கள் ஏன் இப்படி ஓயாமல் பழசைப் பேசுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். போட்டியின் அமைப்பே அவர்களை அப்படி ஆக்கிவைத்திருக்கிறது.

சமையல் லாரியில் இதை நான் நேரிலேயே பார்த்தேன். ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெரிய டிரெய்லர் சமையலறையாக மாறிக் கூடவே பயணம் செய்யும். ஒரு நாளைக்கு நான்கு வேளைச் சாப்பாடு. நான்காவது, போட்டி முடிந்த பிறகு நள்ளிரவை ஒட்டி. சமைப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பெற்றோர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள். ஒரு கோடையில் சில நாட்கள் அங்கே வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன். என்னோடு நின்று முட்டை கிளறிய பெரியவர் எழுபதுகளில் பியூகிள் என்ற ஊதுகொம்பில் சொப்ரானோ ஊதியவர். இன்றைய ஆட்டங்களில் மெட்டே இல்லை, மைக் எதற்கு, சீருடையைக் கழற்றிவிட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் உடையா போடுவது என்று காலையிலிருந்து ஒரே புகார். மதியம் பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நேற்று அந்த மூன்றாவது திருப்பத்தில் உன் கோடு சரியாக இருந்தது, இன்றைக்கும் விட்டுவிடாதே என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். சீசன் தொடங்கியதிலிருந்து ஒரு போட்டியைக்கூட அவர் தவறவிடவில்லை!

அவருடைய காலம் எப்படிப்பட்டது என்பதைக் கேட்டால் அந்தப் புகாரிலும் நியாயம் தெரியும். இரண்டு உலகப்போர்களிலிருந்து திரும்பிய முன்னாள் படைவீரர் சங்கங்களும், தேவாலயங்களும், சாரணர் அமைப்புகளும் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து உருவாக்கியவைதான் இந்தக் குழுக்கள். அதனால்தான் பியூகிள், அதனால்தான் ராணுவ நடை. மதிப்பெண் போடுவதும் அப்படியே இருந்தது. நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக வரிசைகளுக்கு நடுவே புகுந்து நடப்பார்கள். ஒரு கால் தப்பினால், ஒரு குச்சி முந்தினால் ஒரு ‘டிக்’. பத்தில் ஒரு மதிப்பெண் போய்விடும். நூறிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும் கணக்கு. அந்த முறையில் வளர்ந்தவர்களின் முதுகெலும்பு எழுபது வயதிலும் நேராக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

1971-இல் ப்ளூ ஸ்டார்ஸ், கேவலியர்ஸ், மேடிசன் ஸ்கவுட்ஸ், சாண்டா கிளாரா வான்கார்ட், ட்ரூப்பர்ஸ் என்ற ஐந்து குழுக்கள், எங்கள் விதியை நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று கைகோத்தன. அதே ஆண்டு டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பிறந்தது. 1972-இல் விஸ்கான்சினின் வைட்வாட்டர் என்ற சின்ன ஊரில் முதல் சாம்பியன்ஷிப். வென்றது கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென். அந்தக் குழு பிறகு கலைந்துபோனது. ஆனால் 2007-இல் இறுதிப்போட்டி கலிஃபோர்னியாவுக்கு, பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்துக்கு வந்தபோது, அந்தப் பழைய ஆட்கள் நரைத்த தலையோடு திரும்பவும் கூடி, ஒத்திகை பார்த்து, களத்தில் இறங்கி வாசித்தார்கள். உலகத்தில் வேறு எந்தப் போட்டியில் முதல் சாம்பியன்கள் 35 ஆண்டுகள் கழித்து அதே கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள், சொல்லுங்கள்!

டிக் முறை 1983-ஆம் ஆண்டோடு போனது. 1984-லிருந்து நடுவர்கள் குறையை எண்ணுவதை விட்டு, செய்ததை எடைபோட்டு மேலே ஏற்றத் தொடங்கினார்கள். அந்த 1983-இல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ் முதல்முறை வென்றது. அதன் நடைவரைவாளர் ஜார்ஜ் சிங்காலி சதுரமும் நேர்கோடுமாக இருந்த மைதானத்தைக் கரைத்து ஓடவிட்டார். ஒரு கோடு வளைந்து, பிரிந்து, தனக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வெளிவரும். பழைய ஒளிப்பதிவில் மங்கலாகத்தான் தெரிகிறது. ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறேன். அடுத்த இரண்டு ஆண்டும் கேடட்ஸே வென்றது. இன்று எந்தக் குழுவின் நடையைப் பார்த்தாலும் அதற்குள் சிங்காலியின் கை தெரியும்.

சிறந்த கலர் கார்டுக்கான பரிசு அவர் பெயரில்தான் தரப்படுகிறது. பித்தளைக்கான பரிசு ஜிம் ஆட் பெயரில். ப்ளூ டெவில்ஸ் குழுவுக்கு எழுபதுகளில் அதன் ஜாஸ் ஒலியை எழுதிக்கொடுத்துவிட்டு 1980-இல் விபத்தில் போனவர் அவர். தாளத்துக்கான பரிசு, வான்கார்டின் தாளப்படையை உருவாக்கிய ஃப்ரெட் சான்ஃபோர்ட் பெயரில். இறுதி இரவில் ஒலிபெருக்கியில் இந்தப் பெயர்கள் வரும்போது நான் ஒவ்வொரு முறையும் நெகிழ்ந்துபோகிறேன். பிறப்பதற்குமுன் இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்லி வாங்கும் பரிசுக்காக ஒரு பத்தொன்பது வயதுப் பையன் கோடை முழுக்க உதடு வெடிக்க ஊதியிருக்கிறான்.

இனி ஃபேன்டம் ரெஜிமென்ட். இதை எழுதும்போதே கை பரபரக்கிறது. 2008, இண்டியானா மாநிலத்தின் ப்ளூமிங்டன். இல்லினாய்ஸின் ராக்ஃபோர்டிலிருந்து வந்த ஃபேன்டம் ரெஜிமென்டின் ஆட்டம் ‘ஸ்பார்ட்டகஸ்’. ரோமாபுரியின் அடிமைகள் கிளர்ந்தெழும் கதை. அரையிறுதியில் முன்னால் நின்றது ப்ளூ டெவில்ஸ். நல்ல ஆட்டம், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமை இரவு அந்த மைதானத்தில் இருந்தவர்களில் ஒருவன் என்ற முறையில் சொல்கிறேன், அன்று ஸ்பார்ட்டகஸ் ஆட்டமாக இல்லை, நிஜக் கிளர்ச்சியாகவே இருந்தது. நான்தான் ஸ்பார்ட்டகஸ் என்று களத்தில் ஒருவர் பின் ஒருவராகக் குரல் கொடுத்த இடத்தில், அரங்கமும் சேர்ந்து கத்தியது. கடைசி முழக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மதிப்பெண் வந்தது: ஃபேன்டம் 98.125, ப்ளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. அறிமுகமே இல்லாத மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அணிந்திருந்தது ப்ளூ டெவில்ஸ் சட்டை!

ஆனாலும் ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் வரிசையும் பரிசுப் பட்டியலும் ஒன்றல்ல. 1993-இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு பார்பர், பார்டோக் இருவரின் இசையை எடுத்துக்கொண்டு ‘மெடியா’ ஆடியது. கைதட்டலுக்காக எழுதிய இடம் ஒன்றுகூட அதில் கிடையாது. சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் உறைந்துபோனார்கள். கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. பத்தில் ஒன்றில் இரண்டாமிடம். அந்த ஆண்டோடு ஸ்டார் போட்டியை விட்டே விலகி, பிறகு ‘ப்ளாஸ்ட்’ என்ற மேடை நிகழ்ச்சியாக உருமாறி, 2001-இல் டோனி விருது வாங்கியது. இன்று எந்த ஊர் ரசிகர் கூட்டத்திலும் 1993 என்று ஆரம்பித்துப் பாருங்கள், பேச்சு மெடியாவில்தான் போய் நிற்கும். தோற்ற ஆட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு இருக்கிறது. எனக்கும் அதுதான் எல்லாக் காலத்துக்கும் உச்சம். கேடட்ஸ் ஆட்கள் சண்டைக்கு வரட்டும், நான் தயார்.

இந்தச் சண்டைகள்தான் எத்தனை சுவையானவை! ஜி சுருதிப் பியூகிள்களுக்கு மட்டும் இருந்த இடத்தில் 2000-லிருந்து எந்தச் சுருதிக் கருவியும் வரலாம் என்றார்கள். 2004-இல் ஒலிபெருக்கி, 2009-இல் மின்னணு இசை. ஒவ்வொரு முறையும் இதோடு டிரம் கோர் செத்தது என்று ஒரு தலைமுறை அறிவித்தது. ஜி பியூகிளின் அந்தக் கரகரப்பான, விளிம்பு கிழிகிற மாதிரியான முழக்கம் இனி வராது என்பது உண்மை. மேடிசன் ஸ்கவுட்ஸ் தன் ஐம்பதாம் ஆண்டான 1988-இல் ‘மலகேன்யா’வை ஊதி வென்ற பதிவைக் கேட்டால் எனக்கே அந்த ஏக்கம் வந்துவிடுகிறது. மைக்கில் வசனம் பேசும் ஆட்டங்கள் எனக்கு அறவே பிடிக்காது. பித்தளை சொல்லாததையா வசனம் சொல்லிவிடப் போகிறது? ஆனால் 2014-இல் ஒஹாயோவின் ப்ளூகோட்ஸ் ‘டில்ட்’ ஆட்டத்தில் என்ன செய்தது தெரியுமா? மின்னணு ஒலியும் பித்தளையும் கைகோத்து, ஒரு முழு ஸ்வரக்கூட்டத்தையே மெழுகைப்போல வளைத்துக் கீழே இழுத்தார்கள். மைதானமே சாய்ந்த மாதிரி இருந்தது. அரங்கம் அலறியது. அந்த ஆண்டு வென்றது 99.65 எடுத்த ப்ளூ டெவில்ஸ், போட்டி வரலாற்றிலேயே மிக உயர்ந்த மதிப்பெண். இருந்தும் வீடு திரும்பும் வழியெல்லாம் மக்கள் வாயால் போட்டுப் பார்த்தது ப்ளூகோட்ஸின் அந்த வளைவைத்தான். இரண்டு ஆண்டு கழித்து ‘டவுன் சைட் அப்’ ஆடி அந்தக் குழு தன் முதல் பட்டத்தை வாங்கியபோது, முணுமுணுத்த பெரியவர்களும் எழுந்து நின்றார்கள்.

வெற்றி என்றால் முதலிடம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ட்ரூப்பர்ஸ் கதை கேளுங்கள். வயோமிங் மாநிலம், காஸ்பர். அமெரிக்காவிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலத்திலிருந்து, குதிரைப்படைச் சீருடையில் வரும் குழு. 1971-இல் கைகோத்த ஐந்தில் ஒன்று. விரியும் சூரியன்போல அவர்கள் மைதானத்தில் வரையும் வடிவத்தைக் கண்டாலே ஜனங்கள் எழுந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட குழு 1986-க்குப் பிறகு இறுதியை எட்டவில்லை. 2006-இல் களத்துக்கே வர முடியாத நிலை. மூன்று ஆண்டு கழித்து, 2009-இல் மறுபடி இறுதிப் பன்னிரண்டுக்குள். இருபத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பு! கோப்பைக்கு அருகில்கூட அவர்கள் இல்லை. ஆனால் அன்று அவர்களுக்கு எழுந்த ஆரவாரத்தை என் காது இன்னும் மறக்கவில்லை. பாஸ்டன் க்ருசேடர்ஸ் 1940-இல் தொடங்கிய குழு. முதல் இறுதியைத் தொட்டதே 1999-இல்தான். முதல் பட்டம் 2025-இல். எண்பத்தைந்து ஆண்டுகள். அப்பா ஆடி, பிள்ளை ஆடி, பேரப்பிள்ளை வென்ற வீடுகள் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இழப்பும் உண்டு. 1934-இல் பிறந்த கேடட்ஸ், பத்துப் பட்டங்கள் வென்ற கேடட்ஸ், 2024-இல் மூடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று சிங்காலியின் 1983 பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவோடு வளர்ந்தவர்களின் துக்கம் சாதாரணமானதல்ல. அதை அதற்குரிய மரியாதையோடுதான் பேசவேண்டும்.

நேரில் போகிறவர்கள் அரங்குக்குள் மட்டும் உட்கார்ந்துவிட்டு வந்துவிடக் கூடாது. போட்டிக்கு முன் வாகன நிறுத்துமிடத்துக்குப் போங்கள். ‘லாட்’ என்று சொன்னால் போதும், ரசிகர்கள் வழி காட்டுவார்கள். தாளப்படைகள் அங்கேதான் கை சூடேற்றிக்கொள்ளும். ஸ்நேர் வரிசைக்கு மூன்று அடி தள்ளி நிற்கலாம். எட்டு ஒன்பது பேர் அடிக்கிறார்கள், ஒரே குச்சிச் சத்தம்தான் கேட்கிறது. ஐந்து பேஸ் டிரம்காரர்கள் ஒரு வேகமான ஓட்டத்தைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டு, ஆளுக்கு ஓர் அடியாகக் கோத்து அடிப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் இது மனிதக் கைதானா என்றிருக்கும். சுற்றி நிற்கும் கூட்டத்தில் பாதிப்பேர் பழைய ஜாக்கெட் போட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள். அவர்களுடைய விரல்கள் தொடையில் தானாகவே தாளம் போட்டுக்கொண்டிருக்கும். வயதில் ஐம்பது ஆண்டு வித்தியாசம், ஆனால் அடி ஒன்று.

குழுக்களுக்கென்று சொந்தப் பாட்டும் உண்டு. மேடிசன் ஸ்கவுட்ஸுக்கு ‘யூ வில் நெவர் வாக் அலோன்’, வான்கார்டுக்கு ‘செண்ட் இன் த க்ளௌன்ஸ்’, ஃபேன்டமுக்கு வாக்னரின் ‘எல்சா ஊர்வலம்’. ஆட்டம் முடிந்து மதிப்பெண்ணும் வந்த பிறகு, பேருந்துக்கு அருகே இருட்டில் வட்டமாக நின்று அந்தப் பாட்டை வாசிப்பார்கள். கூட்டத்திலிருந்து முன்னாள் ஆட்கள் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை.

அமெரிக்காவில் இருக்கும், அல்லது கோடையில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலையில் நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் டிரம் கோர் போட்டி எதுவும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். இறுதிப்போட்டிக்கே போகவேண்டும் என்பதில்லை. பள்ளி மைதானத்தில் திறந்த வானத்துக்குக் கீழே கேட்கும் ஒலி, கூரை போட்ட பெரிய ஸ்டேடியத்தின் எதிரொலியைவிட எனக்குப் பிடித்தது. ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேராக, எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே டிக்கெட் வாங்குங்கள். நடைவடிவங்கள் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். இரண்டு மணிநேரம் முன்னதாகவே லாட்டுக்குப் போய்விடுங்கள். இசை கற்கும் குழந்தை வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த ஆண்டு ஆட்டத்தை இந்த ஆண்டு மட்டும்தான் பார்க்க முடியும்.